எட்ஜ்ஃபீல்டில் செத்தவர்கள்: 19-ஆம் நூற்றாண்டு மரண விசாரணைத் தாள்களை எப்படி வாசிப்பது?

சவானாக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வருடமாக ஆகஸ்டாவில் குடியிருக்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தின் கிழக்கு ஓரம். சவானா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தென் கரோலைனா. அங்கிருந்து வடக்கே கொஞ்ச நேரம் ஓட்டினால் எட்ஜ்ஃபீல்டு. சின்ன ஊர். நடுவில் ஒரு சதுக்கம், அதன் ஓரத்தில் 1839-இல் கட்டிய நீதிமன்றம், ஊரைச் சுற்றி பீச் பழத் தோட்டங்கள். முதல் தடவை போனது பானை பார்க்கத்தான். டேவ் என்ற அடிமைக் குயவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஜாடிகளில் தன் பெயரையும் ஈரடிப் பாட்டுகளையும் கீறி வைத்திருக்கிறார். பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அந்த ஊர்ப் பித்து தலைக்கேறி இப்போது வேறு இடத்துக்கு வந்து நிற்கிறேன். இந்தப் பக்கத்துக் கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிலவற்றின் பழைய கொரோனர் (சந்தேகச் சாவை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைத் தாள்களை ஜார்ஜியா பல்கலைக்கழகக்காரர்கள் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். (கொரோனர் என்று தேடினால் முதல் பத்துப் பக்கமும் கொரோனா வருகிறது, அது தனித் தலைவலி.) இரண்டு வாரமாக ராத்திரி உட்கார்ந்து படிக்கிறேன். மனைவி, "பேய்க்கதை படிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள்.

எல்லாத் தாளும் ஒரே மெட்டு. இன்ன மாவட்டத்தில், இன்னார் வீட்டில், இன்ன தேதியில், அங்கே அப்போது பிணமாகக் கிடக்கும் இன்னாருடைய உடலைப் பார்வையிட்டு, கீழே கையெழுத்திட்ட நல்ல மனிதர்கள் சத்தியம் செய்து சொல்வதாவது... கொலை என்றால், "கடவுள் பயத்தைக் கண்முன் வைக்காமல், சாத்தானின் தூண்டுதலால் உந்தப்பட்டு" என்று ஒரு வரி. காயம் எதுவும் தெரியாமல் கிடந்தால் "கடவுளின் வருகையால் மாண்டார்". கடைசியில் ஜூரர்களின் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், பக்கத்தில் வேறு யாரோ பெயரை எழுதியிருப்பார்கள்.

கேள்வி இதுதான். இந்தத் தாள்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? நேற்று படித்தது பிறந்த குழந்தை ஒன்றின் விசாரணை. ஓடைக் கரையில் கண்டெடுத்திருக்கிறார்கள். மருத்துவர் நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாராம், மிதந்ததாம், ஆகவே உயிரோடு பிறந்தது, ஆகவே கொலை. நாலே வரியில் தாயின் தலையெழுத்து முடிந்துவிட்டது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

எதிர்க்கட்சி

எட்ஜ்ஃபீல்டா! அது சண்டியர்களின் தலைநகரம் ஐயா. பத்து கவர்னர்களைக் கொடுத்த ஊர் என்று பெருமை பேசுவார்கள், ஆனால் அந்த ஊர்ப் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினால் நாலு பக்கத்துக்கு ஒரு துப்பாக்கி வெடிக்கும்.

1840-இல் லூயிஸ் விக்ஃபால் என்ற வக்கீல், சண்டைக்கு வரச்சொல்லியும் எதிராளி வரவில்லை என்பதால் அவனைக் கோழை என்று எழுதி நீதிமன்றத்தில் ஒட்டுகிறார். அதைக் கிழிக்க வந்த கூட்டத்தில் தாமஸ் பேர்ட் என்ற இளைஞன் சுடப்பட்டுச் சாகிறான். அது நடந்த சில நாட்களிலேயே விக்ஃபாலும் பிரெஸ்டன் புரூக்ஸும் ஒண்டிக்கு ஒண்டி துப்பாக்கிச் சண்டை போட்டு இருவருமே காயப்படுகிறார்கள். இடுப்பில் பட்ட குண்டால் புரூக்ஸ் அப்புறம் கைத்தடியோடுதான் நடந்தார். இதே புரூக்ஸ்தான் 1856 மே 22 அன்று வாஷிங்டன் செனட் மண்டபத்துக்குள் புகுந்து, அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் நினைவு தப்பும் வரை அடித்தவர். தண்டனை 300 டாலர் அபராதம். ஊர்க்காரர்கள் புதுத் தடி வாங்கி அனுப்பினார்கள். விக்ஃபால் பிறகு டெக்சாஸ் செனட்டர் ஆனார்.

அதே 1856-இல் ஜார்ஜ் டில்மன் சீட்டாட்டத் தகராறில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு நிகராகுவா வரை ஓடினார். திரும்பி வந்து இரண்டு வருடம் சிறை. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். அவர் மகன் ஜேம்ஸ் டில்மன், மாநிலத் துணை கவர்னர், 1903 ஜனவரியில் கொலம்பியா நகரத் தெருவில் பட்டப்பகலில் பத்திரிகை ஆசிரியர் கொன்சாலஸைச் சுட்டார். ஜூரி விடுதலை செய்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இது மானம், ரோஷம் என்று உயிரை எடுத்த ஊர். தாள்களும் அதைத்தான் சொல்லும். இதில் நம்ப, நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது?

சவானாக்கரை

அதுதான் விஷயம், தாள்கள் அதைச் சொல்லவில்லை. நான் படித்தவரை பெரிய மனிதர் சண்டை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மிச்சமெல்லாம் ஆற்றில் மூழ்கியவன், விஸ்கி குடித்துவிட்டுப் பாதையோரம் விறைத்துக் கிடந்தவன், வண்டி கவிழ்ந்து நசுங்கியவன், மின்னல் தாக்கியவன், உடையில் தீப்பிடித்த சிறுமி. சாவுக்கு ரோஷம் தேவைப்படவில்லை.

ரைட்டர்

நான் காவல் நிலையத்தில் முப்பது வருடம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கச் சரித்திரம் எனக்குத் தெரியாது, பிரேத விசாரணை தெரியும். நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நாங்கள் எழுதிய அறிக்கையும் இதே மெட்டுதான். பஞ்சாயத்தார் முன்னிலையில், இன்ன இடத்தில், மல்லாந்த நிலையில், தலை வடக்கே கால் தெற்கே... ஆங்கிலேயன் அவர்களுக்கும் கொடுத்தான், நமக்கும் கொடுத்தான்.

தம்பி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனர் என்ற பதவி இங்கிலாந்தில் 1194-இல் முறையாக வந்தது. அரசனின் வருமானத்தைக் காக்க வந்த ஆள் அவன். யார் செத்தாலும் அதில் அரசனுக்குச் சேர வேண்டிய பறிமுதல் ஏதாவது உண்டா என்று பார்ப்பது வேலை. குற்றவாளியைத் தேடுவது அப்புறம் சேர்ந்தது. ஆகவே அந்தத் தாளில் கேட்கப்படும் கேள்வி "யார் கொன்றது?" என்பதல்ல. "இந்தச் சாவுக்கு யாராவது கணக்குச் சொல்ல வேண்டுமா?" என்பதுதான்.

இன்னொன்று. ஜூரர்கள் யார்? அக்கம்பக்கத்துக்காரர்கள். செத்தவனுக்கு மச்சான், கொன்றவனுக்குக் கடன்காரன், நாளைக்கு அதே பஞ்சாலைக்குப் பஞ்சு கொண்டுபோக வேண்டியவன். எங்கள் பஞ்சாயத்தார் மட்டும் என்ன வானத்திலிருந்து வந்தவர்களா? கையெழுத்துப் போடும்போது அவர்கள் பிணத்தைப் பார்ப்பதைவிட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான் அதிகம். நான் பார்த்திருக்கிறேன்.

வன்னிச்சி

எங்கட பக்கம் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று இண்டைக்கும் இருக்கிறார், அதே ஆங்கிலேயன் வைத்துவிட்டுப் போனதுதான். வீட்டில ஒரு சாவு சந்தேகமாக நடந்தால் அவர் வந்து பார்த்துச் சொன்னால்தான் பிரேதம் எடுக்கலாம்.

எனக்கு ஒரு கேள்வி அண்ணா. அங்க சனத்தொகையில அரைவாசிக்கு மேல அடிமைகள் தானே. அவையள் செத்தால் விசாரணை நடந்ததோ? நடந்திருந்தால் ஏன்? உடைமை என்று எழுதி வைத்த ஆளுக்கு மரண விசாரணை எதற்கு?

சவானாக்கரை

நல்ல கேள்வி தங்கச்சி. 1860 கணக்கெடுப்பில் எட்ஜ்ஃபீல்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 40,000 பேர், அதில் 24,000 பேர் அடிமைகள். விசாரணை நடந்திருக்கிறது, நிறையவே. தாளில் "இன்னாருடைய அடிமை, நீக்ரோ ஆண், பெயர் இன்னது" என்று இருக்கும். குடும்பப் பெயர் கிடையாது, வீட்டுப் பெயருக்குப் பதில் உடைமையாளர் பெயர்.

ஏன் என்றால், உடைமை என்பதால்தான். ஒரு முதலாளி தன் அடிமையை இன்னொருவரிடம் வருடக் கூலிக்கு விட்டிருப்பார். அங்கே செத்துப்போனால் நஷ்டம் யாருக்கு? கங்காணி அடித்ததால் செத்தானா, காய்ச்சலில் செத்தானா? தாள் கையில் இருந்தால் வழக்குப் போடலாம்.

சட்டத்தைப் பார்த்தால் இன்னும் கசக்கும். 1740-ஆம் வருடச் சட்டப்படி அடிமையை வேண்டுமென்றே கொன்றால் 700 பவுண்டு அபராதம், ஆத்திரத்தில் கொன்றால் 350. அவ்வளவுதான். வெள்ளைக்காரச் சாட்சி யாரும் இல்லாவிட்டால், "நான் செய்யவில்லை" என்று உடைமையாளரே சத்தியம் செய்து தப்பித்துக்கொள்ளவும் அதே சட்டம் வழி வைத்தது. 1821-இல்தான் வேண்டுமென்றே செய்த கொலைக்கு மரண தண்டனை வந்தது. ஆத்திரக் கொலைக்கு 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எந்த வக்கீலும் எதை நிரூபிக்கப் பார்ப்பான் என்று சொல்லத் தேவையில்லை. கறுப்பர் யாரும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. பருத்திக் காட்டில் ஐம்பது பேர் பார்க்க நடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு யாருமே பார்க்கவில்லை.

எதிர்க்கட்சி

ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். அடிமையைக் கொன்ற வெள்ளையனைத் தூக்கிலிட்டதே இல்லையா? கோலட்டன் மாவட்டத்தில் மோட்லி, பிளாக்லெட்ஜ் என்று இரண்டு பேர், ஓடிப்போன ஒருவரை நாய்களை ஏவிக் கொன்றார்கள். மேல்முறையீடு தோற்று வால்டர்பரோவில் இருவரையும் தூக்கில் போட்டார்கள். சட்டம் வேலை செய்திருக்கிறது அல்லவா?

சவானாக்கரை

செய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழக்கு இன்றுவரை பேர் சொல்லி நினைவில் நிற்பதற்குக் காரணமே அது அபூர்வம் என்பதுதானே.

கத்தரிக்கோல்

சட்டம் சார்ந்த மருத்துவத்தில் வேலை பார்க்கிறேன். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மருத்துவப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

"கடவுளின் வருகை" என்றால் பயப்பட வேண்டாம். வெளியே காயம் இல்லை, காரணம் தெரியவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். மாரடைப்பு, மூளை ரத்தக் கசிவு, வலிப்பு, குடி எல்லாம் அதற்குள் அடக்கம். பெரும்பாலும் உடலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நாட்டுப்புற டாக்டர், விவசாயிகள் நிறைந்த ஜூரி, வெளிச்சம் வராத கொட்டகை. விஷம் என்று சந்தேகம் வந்தால் ஆர்சனிக்குக்கு மார்ஷ் சோதனை 1836-லேயே வந்துவிட்டது, ஆனால் அதைச் செய்ய வேதியியல் தெரிந்த ஆளும் கருவியும் வேண்டும். பருத்திக் காட்டு நடுவில் எங்கே போவது?

தீ விஷயம் உண்மை. திறந்த அடுப்பங்கரை, தொளதொள என்று பருத்திப் பாவாடை. சமையல் செய்யும் பெண்ணும் குளிர் காயும் குழந்தையும்தான் அதிகம் செத்தார்கள்.

சரி, நுரையீரல் சோதனைக்கு வருகிறேன். மூச்சு விட்ட நுரையீரல் காற்று நிறைந்து மிதக்கும், மூச்சே விடாதது மூழ்கும் என்பது கணக்கு. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து புழங்கிய முறை. ஓட்டை என்னவென்றால், உடல் அழுக ஆரம்பித்தால் உள்ளே வாயு உருவாகும், செத்துப் பிறந்த குழந்தையின் நுரையீரலும் மிதக்கும். யாராவது வாயில் ஊதி உயிர்ப்பிக்கப் பார்த்திருந்தாலும் மிதக்கும். அந்தக் காலத்திலேயே நல்ல மருத்துவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் தாயை மாட்டிவிட்டார்கள்.

குழந்தைகளைப் பற்றியே இன்னொன்று. அடிமைக் குடிசைகளில் கைக்குழந்தை ராத்திரியில் செத்துப்போனால் "தாய் புரண்டு படுத்து நசுக்கிவிட்டாள்" என்று எழுதுவார்கள். மரணக் கணக்கெடுப்பிலும் இது கூட்டம் கூட்டமாக வரும். 1981-இல் மைக்கேல் ஜான்சன் என்ற வரலாற்றாசிரியர் இதைத் தோண்டினார். அந்தச் சாவுகள் எந்த மாதங்களில், எந்த வயதில் குவிகின்றன என்று பார்த்தால், இன்று நாம் திடீர் சிசு மரணம் என்று சொல்கிறோமே, அதோடு நிறைய ஒத்துப்போகிறது. கர்ப்பத்திலும் காட்டுவேலை செய்ய வைத்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். குழந்தையை இழந்தவளே கொன்றவள் ஆகிவிட்டாள். நான் படித்த தாள்களில் எனக்குத் தொண்டை அடைத்தது இதில்தான்.

வன்னிச்சி

வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் எழும்பி வெளியில நடந்திட்டு வந்தனான்.

அண்ணா, அங்க உள்நாட்டு யுத்தம் முடிஞ்சு அடிமைகளுக்கு விடுதலை வந்த பிறகு இந்தத் தாள் மாறினதோ? கறுப்பர் சாட்சி சொல்லலாம், ஜூரியில இருக்கலாம் என்று வந்திட்டுதல்லோ.

சவானாக்கரை

மாறியது, கொஞ்ச காலம். 1868-இல் புது அரசியல் சட்டம். மாவட்டம் கவுண்டி ஆனது. தென் கரோலைனாவில் கறுப்பர் பெரும்பான்மை, ஆகவே ஜூரியில் கறுப்பர், பதவிகளில் கறுப்பர். இதன் உச்சம் எங்கள் ஆற்றுக்கு அக்கரையில்தான் நடந்தது. ஹாம்பர்க் என்ற ஊர். பழைய எட்ஜ்ஃபீல்டின் பகுதி, 1871-இல் புதிதாக உண்டான எய்க்கன் கவுண்டிக்குள் போய்விட்டது.

1876 ஜூலை 4, அமெரிக்க விடுதலையின் நூறாவது ஆண்டு. டாக் ஆடம்ஸ் தலைமையில் கறுப்பர் மிலிஷியாப் படை (குடிமக்களைக் கொண்ட காவல் படை) தெருவில் அணிவகுப்புப் பயிற்சி செய்கிறது. குதிரை வண்டியில் வந்த இரண்டு வெள்ளை இளைஞர்கள் வழி கேட்டுத் தகராறு. வழி விட்டாயிற்று. ஆனாலும் வழக்கு. 8-ஆம் தேதி விசாரணைக்கு நீதிபதி பிரின்ஸ் ரிவர்ஸ். அடிமையாக வண்டி ஓட்டியவர், யுத்தத்தில் வடக்கு ராணுவத்தின் கறுப்பர் படையில் சார்ஜென்ட் ஆனவர், பிறகு சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி. அன்று நூற்றுக்கணக்கான ஆயுதம் ஏந்திய வெள்ளையர் ஊருக்குள் வந்துவிட்டார்கள். முன்னாள் தளபதி எம். சி. பட்லர் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார். படை மறுத்தது. சண்டையில் மெக்கீ மெரிவெதர் என்ற வெள்ளை இளைஞர் செத்தார். ஆகஸ்டாவிலிருந்து பீரங்கி கொண்டுவந்தார்கள். ஊர்க் காவல் அதிகாரி ஜேம்ஸ் குக் தப்பி ஓடும்போது சுடப்பட்டார். பிடிபட்டவர்களை ராத்திரி வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துச் சுட்டார்கள். மொத்தம் ஆறு கறுப்பர் பிணம்.

இப்போது பாருங்கள். பிரேத விசாரணை நடத்த வேண்டியவர் யார்? அதே பிரின்ஸ் ரிவர்ஸ். அவர் நடத்தினார். சாட்சிகள் பேசினார்கள். ஜூரி எண்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. எனக்குத் தெரிந்து இந்தப் பகுதியில் அதுவரை "இன்னார் கையால்" என்ற இடத்தில் இவ்வளவு பெயர் ஏறியதில்லை. ஹாம்பர்க்கைத் தாக்கிய வெள்ளையர் கூட்டத்தில் இருந்த இன்னொருவர் பென் டில்மன், ஜார்ஜின் தம்பி, பிறகு கவர்னர், செனட்டர். தான் அங்கே இருந்ததை மேடை போட்டுப் பெருமையாகப் பேசினார்.

ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்த வருடத் தேர்தலில் ஆட்சி வெள்ளையர் கைக்குத் திரும்பியதோடு கதை முடிந்தது. பட்லர் அமெரிக்க செனட்டர் ஆனார். ரிவர்ஸ் மறுபடி வண்டி ஓட்டப் போய், 1887-இல் செத்தார்.

போன சனிக்கிழமை நார்த் ஆகஸ்டா போனேன். பூங்காவில் ஒரு உயரமான கல்தூண், 1916-இல் வைத்தது, மெரிவெதர் ஒருவருக்கு மட்டும். நாகரிகத்தைக் காக்க உயிர் கொடுத்தார் என்று புகழ்கிறது. மற்றவர்களின் பெயரோடு ஒரு பலகை வருவதற்கு 2016 ஆகிவிட்டது. நூறு வருட இடைவெளி. ஹாம்பர்க் என்ற ஊரே இப்போது இல்லை, வெள்ளம் வந்து 1929-இல் மிச்சம் இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். பாலத்தின் மேல் கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

எதிர்க்கட்சி

இது எனக்குத் தெரியாது. என் முதல் பதிவில் பட்டியல் போட்டேனே, அந்தப் பட்டியலில் எல்லாரும் செனட்டர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள். ஹாம்பர்க் அதில் வரவே இல்லை. வரவில்லையே என்று எனக்கும் தோன்றவில்லை.

ரைட்டர்

கேட்கிறேன் தம்பி, அதற்குப் பிறகு வந்த தாள்கள் எப்படி?

சவானாக்கரை

1880-கள், 90-களில் கும்பல் கொலைகள் பெருகியபோது கொரோனர் ஜூரிக்கு ஒரு வாசகம் பழகிப்போனது: "அடையாளம் தெரியாத நபர்களின் கையால்." தென் மாநிலங்கள் முழுக்க இதே வாசகம். ஊரே திரண்டு வந்து பார்த்திருக்கும், யாரையும் யாருக்கும் தெரியாது.

ரைட்டர்

பழக்கமான வாசகம். எங்களிடம் "ஓடிவிட்டனர்" என்று எழுதுவோம்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு நான் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு எழுதிய வரியை முதலில் படிக்காதீர்கள். அது எல்லாரும் பேசி வைத்து எழுதுவது. சாட்சி வாக்குமூலத்தைப் படியுங்கள், அதிலும் "யார் முதலில் பிணத்தைப் பார்த்தது" என்ற இடம். அது வீட்டு வேலைக்காரியாகவோ மாடு மேய்க்கும் பையனாகவோ இருக்கும். அவர்கள் பேச முடியாது என்றால் எஜமான் சொல்வார்: அவள் ஓடிவந்து என்னிடம் இன்னது சொன்னாள் என்று. அந்த ஒரு வரியில் அவள் பேசியது ஒளிந்திருக்கும். நான் எழுதிய அறிக்கைகளிலும் அப்படித்தான்.

அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அங்கே பில் இருக்கிறதா? உங்கள் ஊர்க் கொரோனருக்கு மாதச் சம்பளமா, கேஸுக்கு இவ்வளவு என்றா?

சவானாக்கரை

கேஸுக்கு இவ்வளவு, அதோடு பயணத்துக்கு மைல் கணக்கு. நீங்கள் சொன்ன பிறகுதான் திருப்பிப் பார்த்தேன் ஐயா. எல்லாவற்றிலும் பில் இல்லை, சிலவற்றில் இருக்கிறது. இதை ஏன் பார்க்கச் சொல்கிறீர்கள்?

ரைட்டர்

பயணப்படி பில்லில் யாரும் பொய் எழுத மாட்டான், எழுதினாலும் கூட்டித்தான் எழுதுவான். எவ்வளவு தூரம் என்று தெரிந்தால், ஆள் அனுப்பிச் சொல்ல எவ்வளவு நேரம், இவர் குதிரையில் வர எவ்வளவு நேரம், அதுவரை உடல் எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று போட்டுவிடலாம். அந்த ஓடைக்கரைக் குழந்தையின் தாளில் பில் இருக்கிறதா பாருங்கள்.

சவானாக்கரை

இருக்கிறது. போக வர முப்பத்தாறு மைல் என்று எழுதியிருக்கிறார். குழந்தையைக் கண்டெடுத்தது ஒரு வியாழக்கிழமை காலை, விசாரணை நடந்தது சனிக்கிழமை. மாதம் ஜூலை.

கத்தரிக்கோல்

தென் கரோலைனா ஜூலை, ஓடைக்கரை ஈரம், இரண்டு நாள். அந்த நுரையீரல் எப்படி இருந்தாலும் மிதந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயர் தாளில் இருக்கிறதா?

சவானாக்கரை

முதற்பெயர் மட்டும். பக்கத்தில் உடைமையாளர் பெயர். தாளில் அவள் பேசியதாக எதுவும் இல்லை. முதலில் பார்த்தது யார் என்ற இடத்தைத் திரும்பப் படித்துவிட்டு வருகிறேன்.